83 வயதில் அந்த ஊசியைப் போட்டிருக்கலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 83. தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொண்டு, தினமும் நடைப்பயிற்சி செய்துவந்தவர். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு மாலை ஆறரை மணிக்கு அவர் கையிலிருந்த தண்ணீர்க் குவளை நழுவி விழுந்தது; பேச்சு குழறியது. களைப்பு என்று நினைத்துப் படுக்க வைத்துவிட்டோம். பிறகு வலது கையும் காலும் விளங்காமல் போனதைக் கண்டு மருத்துவமனைக்குப் போய்ச் சேர எட்டே முக்கால் ஆகிவிட்டது. ஒன்பது மணிக்கு ஸ்கேன் பார்த்த மருத்துவர், "ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான்; உறைவைக் கரைக்கும் ஊசி போடலாம்; ஆனால் மூளையில் ரத்தம் கசியும் அபாயம் உண்டு" என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டார். "இந்த வயதில் எதற்கு இந்தச் சோதனை" என்றார் தொலைபேசியில் அண்ணன். பேசிப் பேசியே நேரம் போயிற்று, கடைசியில் மறுத்துவிட்டோம். இப்போது அப்பா கைத்தடியுடன் நடக்கிறார். சொற்கள் தேடித்தேடி வருகின்றன. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. நாங்கள் செய்தது தவறா? முதல் சில நாட்கள் வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தராமல் மூக்கில் குழாய் போட்டிருந்தார்களே, அது தேவைதானா? அம்மாவுக்கு வயது 79. அவருக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை என்கிறார்கள். கீழே விழுந்தால் ஆபத்து என்று பயந்து, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை ஆரம்பிக்காமல் வைத்திருக்கிறோம். அது சரிதானா?

பதில்: நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருந்தாலும், உங்களை எழுத வைத்தது முதல் கேள்விதான் என்று தெரிகிறது. ஆகவே அதை மழுப்பாமல் தொடங்குகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துச் சொன்னால், அன்று இரவு அந்த அறையில் நான் இருந்திருந்தால், ஊசியைப் போடும்படியே சொல்லியிருப்பேன். ஆனால், நீங்கள் மறுத்ததால்தான் அவருடைய கை இப்படி ஆயிற்று என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. இவ்விரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பது எப்படி என்று விளங்கிக்கொள்ள, மூளைக்குள் அன்று என்ன நடந்தது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

மூளைக்குச் செல்லும் தமனி ஒன்று அடைபட்டவுடன், அதை மட்டுமே நம்பியிருக்கும் நடுப்பகுதி சில நிமிடங்களிலேயே இறந்துவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதியோ, பக்கத்துத் தமனிகளிலிருந்து கசிந்துவரும் சொற்ப ரத்தத்தைக் கொண்டு, வேலை செய்யாமல், ஆனால் உயிரோடு, சில மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது. பக்கவாதத்துக்கு நாங்கள் செய்யும் அவசரச் சிகிச்சை முழுவதும் இந்த இரண்டாவது பகுதியை மீட்பதற்காகத்தான். பெரிய தமனி ஒன்று அடைபட்டுச் சிகிச்சையில்லாமல் போனால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் கணக்கிட்டார்கள். ஆல்டிப்ளேஸ் என்னும் மருந்தும், இப்போது பல இடங்களில் அதற்குப் பதிலாக ஒரே தடவையில் செலுத்தப்படும் டெனெக்டிப்ளேஸ் என்னும் மருந்தும், அடைத்திருக்கும் உறைவைக் கரைத்து அந்தப் பகுதிக்கு ரத்தம் போக வழிசெய்பவை. அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது பொது விதி. உங்கள் தந்தைக்கு அந்த எல்லை இரவு 11 மணி. ஒன்பது மணிக்கு மருத்துவர் கேட்டபோது முதல் மூன்று மணி நேரத்தில் இன்னும் அரைமணி மிச்சம் இருந்தது.

"இந்த வயதில் எதற்கு" என்று உங்கள் அண்ணன் கேட்டதை அறியாமை என்று நான் நினைக்கவில்லை. மருத்துவ உலகமே நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. 1995-இல் இந்த ஊசியின் பயன் முதன்முதலாகத் தெளிவாக நிறுவப்பட்டது. அதற்குப் பின், மூன்றிலிருந்து நான்கரை மணி நேரம் வரையிலும் பயன் உண்டு என்று 2008-இல் காட்டிய ஆய்வில், 80 வயதைக் கடந்தவர்கள் சேர்க்கப்படவே இல்லை. ஐரோப்பாவில் இம்மருந்துக்கான உரிமமும் 80 வயதோடு நின்றது. ஆக, முதியவர்களுக்குப் பயன் இல்லை என்று யாரும் கண்டறிந்திருக்கவில்லை. அவர்களிடம் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் குறையைத் தீர்த்தது 2012-இல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு. அதில் சேர்ந்த 3,035 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 80 வயதைக் கடந்தவர்கள். ஊசியால் கிடைத்த பயன் அவர்களுக்கு எவ்விதத்திலும் குறைந்திருக்கவில்லை. 2014-இல் ஒன்பது ஆய்வுகளைச் சேர்ந்த 6,756 பேரின் விவரங்களை ஒன்றாக்கிப் பார்த்தபோதும் அதே முடிவுதான் வந்தது. முதியவர்கள் ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் இளையவர்களைவிடக் குறைவாகவே தேறுகிறார்கள் என்பது உண்மை. ஆயினும் ஊசியால் கூடும் பங்கு அவர்களுக்கும் கூடத்தான் செய்கிறது. மிச்சமிருக்கும் வலு குறைவாக உள்ள ஒருவருக்கு, ஒரு கையைக் காப்பாற்றிக்கொடுப்பது இன்னும் பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

இனி எண்களைப் பார்ப்போம். எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், முதல் மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போடப்படும் 100 பேரில், ஏறத்தாழ முழுமையாகக் குணமடைபவர்கள் ஊசி போடாத 100 பேரைக் காட்டிலும் சுமார் 10 பேர் அதிகம். மூன்றிலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் என்றால் சுமார் 5 பேர். மறுபக்கம், 100-க்கு ஐந்தாறு பேருக்கு மூளையில் நிலைமையை மோசமாக்கும் அளவுக்கு ரத்தக்கசிவு ஏற்படுகிறது. அவர்களில் சிலர் இறந்தும் போகிறார்கள். அண்ணன் பயந்தது இதற்குத்தான். பயப்பட வேண்டிய விஷயமும்கூட. ஆனால் மேலே சொன்ன 10 பேர் என்பது, கசிவால் பாதிக்கப்பட்டவர்களையும் கணக்கில் சேர்த்த பிறகு நிற்கும் எண்ணிக்கை. கையெழுத்துக் கேட்கும் அவசரத்தில் மருத்துவர்களாகிய நாங்கள் பெரும்பாலும் இதைச் சொல்ல விட்டுவிடுகிறோம். ஒருபுறம் 'ஊசி', மறுபுறம் 'கசிவு' என்று மட்டும் காதில் விழுந்தால், எந்த மகனும் தயங்கத்தான் செய்வான். அந்தக் கடிகார ஓட்டத்துக்கு நடுவில் உங்களிடம் ஒப்புதல் கேட்கப்பட்ட விதத்திலும் குறை இருந்திருக்கலாம். முழுப் பொறுப்பையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

இதே எண்களை உங்கள் தந்தைக்குப் பொருத்திப் பாருங்கள். கூடுதலாகக் குணமடையும் அந்தப் பத்துப் பேரில் ஒருவராக அவர் இருந்திருக்கலாம்; ஊசி போட்டும் இன்று இருக்கும் நிலையிலேயே இருந்திருக்கலாம்; கசிவு ஏற்பட்டவர்களில் ஒருவராகவும் இருந்திருக்கலாம். போடும்படி நான் சொல்லியிருப்பேன் என்றது, தட்டு எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதைப் பார்த்துத்தான்.

என்னைக் கேட்டால், கையெழுத்துக்காகச் செலவான நேரத்தைவிட, வீட்டில் போன இரண்டு மணி நேரமே அதிகம் வருத்தம் தருகிறது. வயதானவர்கள் விஷயத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. நாற்பது வயதுக்காரர் கையிலிருந்து குவளை விழுந்து பேச்சும் குழறினால் வீடே பதறும். எண்பது வயதுக்காரர் என்றால் களைப்பு, தூக்கக் கலக்கம், சர்க்கரை குறைந்திருக்கும், வயதாகிவிட்டது என்று ஏதோ ஒரு சமாதானம் தயாராக இருக்கும். அவர்களுக்கு அறிகுறிகளும் சில வேளைகளில் குழப்பமாகவே வருகின்றன: பேச்சு புரியாமல் போனதைக் காது கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள், திடீரென்று தடுமாறியதை மூட்டு வலி என்பார்கள், ஒரு பக்கத்தை அறவே கவனிக்காமல் இருப்பதைப் பார்வைக் குறைவு என்பார்கள். எது நேர்ந்தாலும், 'திடீரென்று' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். வயது யாரையும் மாலை ஆறரை மணிக்குத் திடீரென்று தாக்குவதில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் இல்லை. கழுத்திலும் மூளையிலும் உள்ள தமனிகளைக் காட்டும் ஆஞ்சியோகிராம் ஸ்கேன் அன்று எடுக்கப்பட்டதா? பெரிய தமனி அடைபட்டிருந்தால், தொடை இடுக்கு வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்தி உறைவை நேரடியாகவே வெளியே எடுத்துவிடும் சிகிச்சை இருக்கிறது. 2015-இல் அடுத்தடுத்து வெளிவந்த ஐந்து ஆய்வுகள் இதன் பயனை ஐயத்துக்கு இடமின்றி நிறுவின. அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது 80 வயதைக் கடந்தவர்களுக்கும் பயன் தெளிவாகவே இருந்தது. பொதுவாக ஆறு மணி நேரத்துக்குள் செய்யப்படும் இந்தச் சிகிச்சையை, மீட்கக்கூடிய பகுதி இன்னும் இருக்கிறது என்று ஸ்கேன் காட்டினால் 24 மணி நேரம் வரையிலும்கூடச் செய்யலாம் என்று 2018-இல் தெரியவந்தது. முதியவர்களின் தமனிகள் வளைந்து நெளிந்து கெட்டிப்பட்டிருப்பதால் குழாயைக் கொண்டுசெல்வது கடினமாக இருக்கும் என்பது மெய்தான். என்றாலும் அது செய்யும் கைக்கான சவால். செய்யாமல் விடுவதற்கான காரணம் அன்று. இனி எப்போதேனும் இப்படி ஒரு நிலை வந்தால், "பெரிய தமனி அடைபட்டிருக்கிறதா?" என்று கேளுங்கள். அங்கே அந்த வசதி இல்லையென்றால், எங்கே அனுப்புவார்கள் என்பதையும் உடனே கேளுங்கள்.

அப்படியானால் வயதைக் கணக்கிலேயே எடுப்பதில்லையா என்றால், எடுக்கிறோம். ஆனால் அதைவிட முன்னால் நிற்பது வேறொன்று. நோயாளி நேற்றுவரை எப்படி இருந்தார் என்பதே நான் குடும்பத்தாரிடம் முதலில் கேட்பது. தானே குளித்தாரா, தானே சாப்பிட்டாரா, வெளியே போய்த் திரும்பி வந்தாரா, பேரப்பிள்ளைகளின் பெயர் நினைவிருந்ததா? நடந்து திரிந்த 90 வயதுக்காரருக்கும், பல ஆண்டுகளாகப் படுக்கையில் கிடந்து ஆளை அடையாளம் தெரியாத 70 வயதுக்காரருக்கும் ஒரே முடிவை எடுக்க மாட்டேன். உங்கள் தந்தை தன் வேலையைத் தானே பார்த்தவர் என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான், ஊசி போடச் சொல்லியிருப்பேன் என்று என்னை எழுத வைத்தது.

வயது உண்மையாகவே கணக்கை மாற்றும் இடமும் உண்டு. மூளையின் ஒரு பாதியில் பெரும்பகுதி பாதிக்கப்பட்டு வீங்கும்போது, மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து அழுத்தத்தைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. 60 வயதைக் கடந்த 112 பேரை வைத்து நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், அந்த அறுவை பலரின் உயிரைக் காத்தது. ஆனால் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடத் தேவைகளுக்கெல்லாம் பிறரை எதிர்பார்க்கும் நிலையிலேயே இருந்தார்கள். அத்தகைய வாழ்வை அந்த மனிதர் விரும்புவாரா என்பதை அவரை அறிந்தவர்கள்தான் சொல்ல முடியும். அங்கே வேண்டாம் என்று சொல்வதும் அன்பின் முடிவாக இருக்கலாம். ஆனால் ஊசிக்கு இந்தத் தர்க்கத்தைக் கொண்டுவருவதில் ஒரு பிழை இருக்கிறது. ஊசியின் முதல் நோக்கம் ஊனத்தைக் குறைப்பது. 'இந்த வயதில் படுக்கையில் விழுந்துவிடக் கூடாது' என்பதுதான் கவலை என்றால், அந்தக் கவலையே ஊசியைப் போடுவதற்கான காரணம்.

மூக்குக் குழாயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தண்ணீர் கேட்டுக் கையை நீட்டும் தந்தைக்கு ஒரு மிடறு தராமல் நிற்பது எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அது தேவையான செயல்தான். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு முதல் சில நாட்கள் விழுங்கும் ஒழுங்கு குலைந்துபோகிறது. தண்ணீர்தான் மிக எளிதாகப் புரையேறி நுரையீரலுக்குள் போகும் பொருள். இருமல்கூட இல்லாமல் உள்ளே போய்விடுவதும் உண்டு. முதியவர்களைப் பொறுத்தவரை அடைப்பு கொல்லாமல் விட்டவர்களில் சிலரை, இப்படிப் புரையேறுவதால் வரும் நிமோனியா என்னும் நுரையீரல் தொற்று கொண்டுபோய்விடுகிறது. ஆகவே, விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்க்கும்வரை வாய்வழியாக எதுவும் தருவதில்லை. அத்திறன் திரும்பும்வரை குழாய் வழியாக உணவும் மருந்தும் போகும். பக்கவாத நோயாளிகளுக்கென்றே தனிப் பிரிவும் பயிற்சி பெற்ற செவிலியர்களும் உள்ள இடத்தில் சேர்க்கப்படுபவர்கள், எந்த வயதினராக இருந்தாலும், அதிகம் பிழைக்கிறார்கள், அதிகம் தேறுகிறார்கள். அங்கே நடப்பவை பெரும்பாலும் இப்படிப்பட்ட எளிய காரியங்களே: விழுங்குவதைச் சோதிப்பது, காய்ச்சலையும் சர்க்கரையையும் கவனிப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, காலில் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது. எழுப்பி நடக்க வைப்பதில்கூட அவசரம் கூடாது. முதல் 24 மணி நேரத்திலேயே அதிகமாக எழுப்பி நடமாட வைத்தவர்கள் அதனால் கூடுதல் நன்மை பெறவில்லை, சற்றுப் பின்தங்கவே செய்தார்கள் என்று 2015-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

இன்னொரு முறை நேராமலிருக்கட்டும். நேர்ந்தால், படுக்க வைத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம், ஆம்புலன்சை அழையுங்கள். தண்ணீரோ உணவோ மாத்திரையோ வாயில் தராதீர்கள். ஆஸ்பிரினும் கூடாது, அடைப்பா கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும், கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கெடுதலே செய்யும். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பார்த்து வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குறைப்பதும் தவறு. அடைபட்ட பகுதிக்கு ரத்தத்தைத் தள்ள உடல் தானே அழுத்தத்தை ஏற்றிக்கொள்வதுண்டு, எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவமனையில் முடிவு செய்வார்கள். சர்க்கரை மிகக் குறைந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும் என்பதால், வீட்டில் கருவி இருந்தால் விரலில் குத்திப் பார்க்கலாம். அதற்காக நேரத்தைக் கடத்த வேண்டாம். அவர் நல்லபடியாக இருந்ததைக் கடைசியாக யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தூங்கி எழும்போதே அறிகுறி இருந்தால், எழுந்த நேரத்திலிருந்து அல்ல, கடைசியாக நல்லபடியாக இருந்த நேரத்திலிருந்துதான் கடிகாரம் ஓடுகிறது. மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் ஆகியவற்றையும் கொண்டுபோங்கள். இவை இல்லாமல் ஐ.சி.யூ.வில் கிடக்கும் முதியவர் எளிதில் மனம் குழம்பிப் பிதற்ற ஆரம்பிக்கிறார். பக்கவாதம் முற்றிவிட்டதோ என்று வீடு கலங்குகிறது.

அடுத்து, அம்மாவின் மாத்திரை. இந்தக் கேள்விக்கு இன்றே ஏதாவது செய்ய முடியும் என்பதால் இதுவே இக்கடிதத்தில் முக்கியமானது என்று கருதுகிறேன். அந்தச் சீரற்ற துடிப்பு, இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான் என்று ஈ.சி.ஜி.யில் உறுதியாகியிருந்தால், பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுகிறது. இதயத்தின் மேலறையில் தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய் அடைப்பதால், வரும் பக்கவாதமும் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும். உறைதலைத் தடுக்கும் மாத்திரை இந்த அபாயத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கிறது. ஆஸ்பிரின் கொடுத்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள், போதாது. 75 வயதைக் கடந்த 973 பேரிடம், உறைதலைத் தடுக்கும் பழைய மாத்திரையான வார்ஃபரினையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஆய்வில், வார்ஃபரின் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் குறைவாகவே வந்தது; பெரிய ரத்தப்போக்கோ அதிகமாகவில்லை. இப்போது அபிக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகளும் உள்ளன, வார்ஃபரினுக்குப் போல ரத்தம் உறையும் வேகத்தை அடிக்கடி அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை அவற்றுக்குத் தேவையில்லை, மூளைக்குள் கசியும் அபாயமும் வார்ஃபரினைவிடக் குறைவு. விழுந்துவிடுவார் என்ற பயம் ஒன்றை மட்டும் காரணமாக்கி இந்த மாத்திரையை நிறுத்திவைப்பது பெரும்பாலோருக்குச் சரியான முடிவாக அமைவதில்லை. விழாமலிருக்கக் கழிப்பறையில் கைப்பிடியும் இரவில் விளக்கும் வையுங்கள், மாத்திரையையும் தொடங்குங்கள். தொடங்குமுன் இதய மருத்துவர் சிறுநீரகச் செயல்பாடு, ஹீமோகுளோபின், உடல் எடை ஆகியவற்றைப் பார்த்து அளவைத் தீர்மானிப்பார். முன்பு வயிற்றில் ரத்தப்போக்கு இருந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரை தொடங்கிய பின், கடைசி வேளையை எப்போது எடுத்தார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கரைக்கும் ஊசியைப் போடலாமா என்பதே அதைப் பொறுத்து மாறும். ஊசி போட முடியாமல் போனாலும் குழாய் வழியாக உறைவை எடுக்கும் வழி திறந்தே இருக்கும்.

அப்பாவைப் பொறுத்தவரை நான்கு மாதத்தில் கதை முடிந்துவிடவில்லை. வேகம் குறைந்தாலும் கையும் பேச்சும் இன்னும் தேற இடமுண்டு. பிசியோதெரபியையும் பேச்சுப் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். பக்கவாதத்துக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அவர் சாப்பாட்டையும் பயிற்சியையும் வேண்டாம் என்று ஒதுக்கினால் பிடிவாதம் என்று எண்ணாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், சிகிச்சை இருக்கிறது. அவருடைய பக்கவாதத்துக்கான காரணத்தைத் தேடி இதயத் துடிப்பும் கழுத்துத் தமனியும் சோதிக்கப்பட்டனவா என்பதையும் கேட்டறியுங்கள்.

இன்னொன்று. அன்று இரவு நீங்களும் அண்ணனும் பேசினீர்கள், மருத்துவர் பேசினார். உங்கள் தந்தையால் பேச முடியவில்லை. இப்போது அவரால் முடியும். சொற்கள் தாமதமாக வருவதால் அவருக்குப் புரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அமைதியான ஒரு நேரத்தில் எதிரே அமர்ந்து, சிறுசிறு கேள்விகளாக, ஆம் இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லும்படி கேளுங்கள்: மறுபடி இப்படி நேர்ந்தால் அந்த ஊசி வேண்டுமா? மூச்சுக்கு இயந்திரம் வைக்க வேண்டிவந்தால் சம்மதமா? தலையில் அறுவை செய்யச் சம்மதமா? அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து அதே கேள்விகளைக் கேளுங்கள். அண்ணனையும் தொலைபேசியில் கேட்க வையுங்கள். அவர்கள் சொன்னதை ஒரு தாளில் தேதியிட்டு எழுதி, மருந்துச் சீட்டுகள் இருக்கும் கோப்பில் முதல் பக்கமாக வைத்துவிடுங்கள்.